உடம்பில் படாமல் உயிரியல் படிப்பது எப்படி?

கள்ளக்குறிச்சி மாவட்டத்து மாணவமணிகளுக்கென்றே எழுதப்பட்ட வழிகாட்டி இது. பக்கத்து மாவட்டத்துப் பிள்ளைகளும் வாசிக்கலாம், தடையில்லை. ஆனால் உங்களுக்கு இருக்கும் கஷ்டம் அவர்களுக்கு அந்த அளவு கிடையாது. இங்கே உயிரியல் புத்தகத்துக்குள் அடங்கிக் கிடப்பதில்லை. பஸ் ஏறுகிறது, கொல்லையில் விளைகிறது, திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கொஞ்சம் அசந்தால் பாடம் புரிந்துவிடும். புரிந்த பிள்ளைக்குச் சொந்த நடையில் எழுதக் கை துறுதுறுக்கும். அப்படி எழுதிய விடையை விடைக்குறிப்போடு ஒட்டிப் பார்க்கத் திருத்துபவருக்கு நேரம் கிடையாது. நீட் தேர்விலோ சொந்த நடை என்ற பேச்சே இல்லை. நான்கு வட்டத்தில் ஒன்றைக் கறுப்பாக்கிவிட்டு வர வேண்டியதுதான். ஆகவே உடம்பு வேறு, உயிரியல் வேறு என்று முதல் நாளே பாகம் பிரித்துவிடுவது உத்தமம்.

முதல் ஆபத்து பஸ்ஸில் இருக்கிறது. கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும்போது காது அடைக்கும். ஏன் அடைக்கிறது என்று யோசிக்கவே கூடாது. யோசித்தால், மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதும், செவிப்பறைக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட காற்று வெளியே தள்ளுவதும், எச்சில் விழுங்கியதும் யூஸ்டேஷியன் குழல் திறந்து இரண்டு பக்கமும் சமமாவதும் தெரிந்துவிடும். கொண்டை ஊசி வளைவில் வயிற்றைப் புரட்டுகிறதா? உட்செவியின் அரைவட்டக் கால்வாய்களில் இருக்கும் திரவம் ‘சுற்றுகிறோம்’ என்கிறது. முன் சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும் கண் ‘அசையவே இல்லை’ என்கிறது. இந்தப் பஞ்சாயத்தில் நியாயம் கிடைக்காத மூளை வாந்தியை வரவழைக்கிறது. ஜன்னல் வழியாகத் தூரத்து மலையைப் பார்த்தால் இரண்டு சாட்சியும் ஒத்துப்போய்க் குமட்டல் தணியக்கூடும். எனவே பார்க்காதீர்கள். மடியில் வினா வங்கியை விரித்து வைத்து, ‘உட்செவியின் அமைப்பைப் படத்துடன் விவரி’ என்பதை மனப்பாடம் செய்யுங்கள். வாந்தி வந்தால் எலுமிச்சம்பழம் போதும்.

அடுத்து, வாரம் ஒருமுறை பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரை. ‘ஹீமோகுளோபினில் உள்ள உலோகம் எது?’ என்பது ஒரு மதிப்பெண் வினா. இரும்பு என்று எழுதிவிடுங்கள். மாத்திரையை ஜாமெட்ரி பாக்ஸில் பத்திரப்படுத்தி, மிஸ் திரும்பியதும் ஜன்னல் வழியாக வீசிவிடுங்கள். ஜன்னலுக்குக் கீழே நிற்கிற வேப்பமரத்துக்கு ரத்தசோகை வராது. தப்பித்தவறி விழுங்கிவிட்ட பிள்ளைகள், மறுநாள் மலம் கறுத்துப் போனதைப் பார்த்து அலறுவார்கள். குடல் உறிஞ்சாமல் விட்ட இரும்பின் நிறம் அது, பயப்பட ஒன்றுமில்லை என்று யாரும் சொல்லித் தந்துவிடாதீர்கள். அலறல் அடுத்த வாரம் மற்ற மாத்திரைகளையும் ஜன்னலுக்கு அனுப்பும். சோறு தின்ற கையோடு டீ குடியுங்கள். டீயில் இருக்கிற டானின் சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு குடலுக்குக் கொடுக்காது. கல்வராயன்மலைக் கடுக்காயைக் கடித்தால் நாக்கு இழுத்துக்கொள்கிறதே, அதுவும் டானின் வேலைதான். எச்சிலில் உள்ள புரதத்தைக் கட்டிவிடுகிறது. மாதாமாதம் ரத்தம் இழக்கிற பெண்பிள்ளைகளுக்கு இரும்பு கூடுதலாக வேண்டும் என்பது இனப்பெருக்கப் பாடத்தோடு சேர்ந்தது. அந்தப் பாடத்தை எப்படியும் ‘வீட்டிலேயே படிச்சுக்கோங்க’ என்று தாண்டிவிடுவார்கள், கவலை வேண்டாம்.

பிராக்டிகல் பற்றி ஒரு வார்த்தை. ரத்தம் உறைதல் படிநிலைகளை எல்லோரும் ஒப்பிப்பீர்கள்: புரோத்ராம்பின் த்ராம்பின் ஆகும், த்ராம்பின் ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் ஆக்கும். ஆனால் இதற்கு ஒரு சோதனை உண்டு என்பதும், மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் அதற்கு ஒரு கண்ணாடிக் குழாய் போதும் என்பதும் ரெக்கார்ட் நோட்டில் வராது. பாம்பு கடித்து வந்தவரின் ரத்தம் 2 மில்லி எடுத்து, சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் ஊற்றி, 20 நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். தண்ணீராக ஓடினால் கண்ணாடி விரியன் போன்ற பாம்பின் விஷம் உறைதல் காரணிகளைத் தின்று தீர்த்துவிட்டது என்று அர்த்தம். கட்டுவிரியன் வேறு ரகம். தரையில் படுத்திருப்பவரை ராத்திரியில் கடிக்கும், பல் பட்ட தடம்கூடச் சரியாகத் தெரியாது. விடிந்து பார்த்தால் இமை தூக்க வராது. நரம்பு முனையிலிருந்து தசைக்குச் சேதி போவது நின்றிருக்கும். நீங்கள் ‘அசிட்டைல்கோலின்’ என்று கோடிட்ட இடத்தை நிரப்பினால் போதுமானது. வீட்டில் யாருக்காவது இமை தொங்கினால் 108-ஐக் கூப்பிடுவதா மந்திரிப்பவரைக் கூப்பிடுவதா என்பது வினாத்தாளில் வராது.

சின்னசேலம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தனிச் சோதனை. ஜவ்வரிசி ஆலையைப் பார்த்தபடியே பள்ளிக்கு வருகிறவர்கள் நீங்கள். வேகவைத்த மரவள்ளித் துண்டை வாயில் போட்டு விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தால் மெல்லத் தித்திக்கும். உமிழ்நீரின் அமைலேஸ் ஸ்டார்ச்சை மால்டோஸாக உடைக்கிறது. லேபில் அயோடின் ஊற்றி நீலம் மறைவதைப் பார்க்கிற அதே பரிசோதனையை உங்கள் நாக்கு இலவசமாகச் செய்துவிடுகிறது. எனவே கிழங்கைச் சீக்கிரம் விழுங்கிவிட்டு, போன வருஷத்து அக்காவின் ரெக்கார்டைப் பார்த்து அட்டவணையை எழுதிக்கொள்ளுங்கள்.

இதே மரவள்ளித் தழையையோ தோலையோ அளவுமீறித் தின்ற ஆடு, நுரை தள்ளிச் சாய்ந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். ‘கிழங்குத் தழை தின்னுடுச்சு’ என்று பாட்டி சொல்வதோடு விஷயம் முடிந்துவிட வேண்டும். ஏனென்றால் அதற்கு மேல் போனால் வம்பு. செடி நசுங்கியதும் அதில் இருக்கிற லினமரின் உடைந்து ஹைட்ரஜன் சயனைடு வெளியே வருகிறது. அது மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதியின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. மூச்சு ஓடுகிறது, நுரையீரல் நன்றாக இருக்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் வந்துகொண்டே இருக்கிறது. செல்தான் அதை வாங்க முடியாமல் நிற்கிறது. அதனால் செத்த ஆட்டின் சிரை ரத்தம்கூடப் பளிச்சென்று சிவந்திருக்கும். வரைபடத்தில் சிரைக்கு நீலம் தீட்டிப் பழகிய உங்களுக்கு இது குழப்பம் தரும், தள்ளி வையுங்கள். பாட்டி தோல் உரித்து, ஊறவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டி வேகவைப்பது ருசிக்காக என்றே நம்புங்கள். ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டில் பஞ்ச காலத்தில் கசப்பு மரவள்ளியைச் சரியாக ஊறவைக்காமல் தின்ற சனங்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், இரண்டு காலும் விறைத்து நடக்க முடியாமல் போகிறது. கொன்சோ என்று அந்த நோய்க்குப் பெயர். சிலபஸில் இல்லை.

மலையேறிப் பாடம் நடத்த வரும் ஆசிரியர்களும் மலையிலிருந்து இறங்கிவரும் பிள்ளைகளும் ஊறல் என்ற சொல்லை அறிவார்கள். கல்வராயன்மலையில் போலீஸ் பேரலைக் கவிழ்த்துச் சாராய ஊறலை அழிக்கும் படம் பேப்பரில் அடிக்கடி வரும். அது குற்றவியல் சமாச்சாரம். உங்களுக்கு ‘ஈஸ்ட், காற்றில்லாச் சுவாசம், எத்தனால், கார்பன் டை ஆக்சைடு’ என்ற நான்கு சொல் போதும். இரண்டும் ஒன்றுதான் என்று யாராவது வகுப்பில் சொன்னால் சிரிப்பு எழும். சிரித்து முடித்ததும் அடுத்த பக்கம் திருப்புங்கள்.

ஆனால் ஊறலில் வெல்லமும் ஈஸ்டும் செய்வது வேறு, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில் பாக்கெட்டில் வந்த சாராயம் வேறு. அதில் மெத்தனால் கலந்திருந்தது. தொழிற்சாலைக்கு வேண்டிய கரைப்பான் அது. 60 பேருக்கு மேல் செத்தார்கள், பெண்களும் உண்டு. பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி நிரம்பி, சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஆம்புலன்ஸ் ஓடியது. இதை உயிரியல் பாடமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் இந்த வழிகாட்டியின் தலையாய அறிவுரை. எடுத்துக்கொண்டால் கீழே வருகிறவை எல்லாம் தெரிந்துவிடும்.

மெத்தனால் வயிற்றுக்குள் போனவுடன் பெரிதாக ஒன்றும் செய்யாது. சாதாரண போதை, அதுவும் கொஞ்சம் கம்மி. கல்லீரலில் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் அதை ஃபார்மால்டிஹைடு ஆக்குகிறது. உங்கள் லேபில் தவளையும் பாம்பும் மிதக்கிற ஜாடியின் சரக்கு. அடுத்த நொதி அதை ஃபார்மிக் அமிலமாக்குகிறது; சில எறும்பின் கடியில் எரிகிற அமிலம். ‘கல்லீரலின் பணிகள் யாவை?’ என்ற வினாவுக்கு ‘நச்சு நீக்கம்’ என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நீங்கள். இங்கே விஷத்தைக் காய்ச்சி இறக்கியதே கல்லீரல்தான். இப்படி எழுதினால் திருத்துபவர் சிவப்பு மையில் சுழிப்பார்.

அமிலம் சேர்வதற்கு நேரம் ஆகும். பெரும்பாலும் 12 மணி நேரம் முதல் ஒரு முழுநாள் வரை. அதுவரை குடித்தவர் வேலைக்குப் போகிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார். ‘நேத்து குடிச்சவன் இன்னைக்கு நல்லாத்தானே இருக்கான்’ என்று அடுத்தவர் பாக்கெட்டைக் கிழிக்கிறார். கருணாபுரத்தில் முதல் சாவுகள் விழுந்தபோது சாராயத்தால் அல்ல என்று அதிகாரிகள் தரப்பில் சொல்லப்பட்டது. துக்கத்துக்கு வந்தவர்களும் அதே சரக்கைக் குடித்ததாகச் செய்திகள் வந்தன. ஒரு நொதி எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்ற கணக்கு சாவுக் கணக்கை இப்படிக் கூட்ட முடியும் என்பது எந்த நோட்ஸிலும் இல்லை.

சேர்ந்த அமிலம் எங்கே போய் அடைக்கிறது? ஆட்டைச் சாய்த்த அதே சைட்டோகுரோம் ஆக்சிடேஸில்தான். ‘மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் மையம்’ என்று ஆறு வருஷமாக எழுதுகிறீர்களே, அந்த மையத்தின் கடைசி வாசல் அது. விழித்திரைக்கும் பார்வை நரம்புக்கும் ஆற்றல் அதிகம் வேண்டும். எனவே கண் முதலில் போகிறது. மருத்துவ நூல்களில் பனிப்பொழிவுக்குள் நின்று பார்ப்பதுபோல என்று எழுதியிருக்கும். பனிப்பொழிவு பார்த்திராத நம் ஊர்க்காரர் ‘கண்ணு மசமசன்னு இருக்கு, வயிறு வலிக்குது’ என்பார். ரத்தம் புளித்துப்போகிறது. அதைச் சரிக்கட்ட நுரையீரல் கார்பன் டை ஆக்சைடைத் தள்ளித் தள்ளி, ஓடிவந்தவர் மாதிரி ஆழமாக இளைக்கும். வலி, மங்கல், இளைப்பு மூன்றையும் சேர்த்துப் பார்த்து ‘உடனே ஆஸ்பத்திரி’ என்று சொல்லப் பதினோராம் வகுப்புப் படிப்பே போதும். அதனால்தான் அந்தப் படிப்பைத் தேர்வு அறைக்கு வெளியே கொண்டுவரக் கூடாது என்கிறேன்.

இன்னும் ஒரு எச்சரிக்கை. கெட்டிக்காரப் பிள்ளை யாராவது, ‘சார், மெத்தனாலுக்கு எத்தனாலே மருந்தாமே?’ என்று கேட்கக்கூடும். ஆமாம். அந்த முதல் நொதிக்கு மெத்தனாலைவிட எத்தனாலைத்தான் பிடிக்கும். எத்தனால் இருக்கும்வரை மெத்தனாலைத் தொடாமல் விட்டுவிடும், அது மாறாமலே கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். இது ஆஸ்பத்திரியில் டாக்டர் அளந்து கொடுக்கிற காரியம், வீட்டு வைத்தியம் அல்ல. அதே நொதியைப் பூட்டிவைக்க ஃபோமெபிசோல் என்ற ஊசியும் உண்டு. நொதித் தடுப்பு என்ற தலைப்பில் ‘போட்டித் தடை’ என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதுவது இதைத்தான். இருந்தாலும் கேள்வி கேட்ட பிள்ளையை வெளியே நிற்க வைப்பார்கள், ‘சாராயத்துக்குச் சாராயமே மருந்தா’ என்று ஹெட்மாஸ்டர் அறைவரை சேதி போகும். வாயைக் கட்டுங்கள்.

பழைய வினாத்தாள் திரட்டுகிறவர்களுக்கு: இதே கேள்வி 2022 ஜூலையில் குஜராத்தின் போடாட்டிலும், 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் கேட்கப்பட்டது. ரிப்பீட்டட் கொஸ்டின். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் அறிவித்தது, மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டியது, உயர் நீதிமன்றம் வழக்கைச் சிபிஐக்கு மாற்றியது எல்லாம் சமூக அறிவியல். அந்த ஆசிரியரிடம் கேளுங்கள்.

உயிரியலில் நமக்கு மிச்சமிருப்பது கழிவு நீக்கம். சேர்ந்துவிட்ட மெத்தனாலையும் அமிலத்தையும் வேகமாக வெளியேற்ற வழி டயாலிசிஸ். கருணாபுரத்து ஆட்களுக்கு ஜூன் மாதத்தில் நெஃப்ரானுக்கு உதவியாக மெஷின் ஓடியது. இது பாடத்தில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி, கேட்க மாட்டார்கள். நெஃப்ரான் படம்தான் கேட்பார்கள், ஐந்து மதிப்பெண். கிளாமருலஸை வட்டமாகப் போடுங்கள், ஹென்லே வளைவைக் கொண்டை ஊசியாக இழுங்கள், தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம். பாகங்களின் பெயரை வலது பக்கமே எழுத வேண்டும். கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால் அரை மதிப்பெண் போய்விடும்.