கத்துற ஜீப்பும் காது கேக்காத மருமகனும்

ஏய்யா மருமகனே, பழைய ஜீப்பு ஒண்ணு வாங்கியிருக்கயாம்ல. நீ வந்து சொல்லித்தான் தெரியணும்னு இல்ல. அருப்புக்கோட்டையில நீ ஏறி ஒக்கார்றப்பவே திருச்சுழியில நாயி எந்திரிச்சு நிக்குது. இப்ப என்னடான்னா, "கியர்பாக்ஸ் போச்சு மாமா, எறக்கணுங்கிறாய்ங்க"ன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து நிக்கிற. யாருய்யா சொன்னது? டீ ஆத்துறவனா, ஒனக்கு வண்டிய வித்தவனா?

இதே திருச்சுழியில 1879-ல பெறந்த ரமணரு, திருவண்ணாமலையில போயி ஒக்காந்து, வாயத் தொறக்காமலே உபதேசம் பண்ணினாரு. வெள்ளக்காரனுக்கும் வெளங்குச்சு. ஓம் வண்டி இம்புட்டுக் கத்தியும் ஒனக்கு ஒரு எழுத்து வெளங்கல பாரு.

"என்ன சத்தம்?"னு கேட்டா வாயாலயே ஊதிக் காட்டுற. நல்லாத்தான் ஊதுற, கோயில் கொடைக்கு நாயனக்காரன் வரலைன்னா ஒன்னயக் கூப்புடலாம். எனக்கு அது வேணாம். எப்ப வருது? அதச் சொல்லு. அருப்புக்கோட்டைத் தறிக்காரங்க நாலு பேருகூடப் பேசிக்கிட்டே இருப்பாக, ஓட்டத்துல சத்தம் மாறுன மறு நொடி கை நின்னுரும். அந்தக் காது வேணும்யா மோட்டாருக்கும்.

மொதல்ல கம்மாய்க்கரையில வண்டிய நிப்பாட்டு. பாட்ட அமத்து. இஞ்சினு ஓடட்டும், கியரு நியூட்ரல்ல கெடக்கட்டும், காலக் கிளச்ச விட்டு எடு. கரகரன்னு கேக்குதா? இப்பக் கிளச்ச முழுசா அமுக்கு. அமுக்குனதும் சத்தம் அடங்குச்சுன்னா, பெட்டிக்குள்ள முன் சாஃப்ட் பேரிங்கோ, கீழ ஓடுற கவுண்டர் சாஃப்ட் பேரிங்கோ தேஞ்சிருக்கு. கிளச்ச அமுக்குனா ரெண்டும் சுத்துறது நின்னு போகும்ல, அதான். அமுக்குனாத்தான் சத்தமே வருதுன்னா அது ரிலீஸ் பேரிங். போன்ல பேசிக்கிட்டுக் கிளச்சு மேலயே கால ஊண்டி ஓட்டுற பாரு, அதுக்கு வந்த கூலி. அந்தப் பேரிங்க மாத்தவும் பெட்டிய எறக்கித்தான் ஆகணும், அது நெசம். ஆனா பல்லுச்சக்கரத்துக்கு ஒங்கிட்டக் காசு வாங்க முடியாதுல்ல?

அடுத்து, ஓட்டிப் பாரு. டாப் கியருங்கிறது நேர்வழி. முன் சாஃப்டும் பின் சாஃப்டும் ஒண்ணாக் கோத்துக்கிட்டு ஓடும், பல்லு மாத்தி பல்லுன்னு சுத்தி வளைக்காது. ரெண்டுலயும் மூணுலயும் ஊளையிட்டு, டாப்புக்குப் போனதும் அமைதியாச்சுன்னா, கொற கவுண்டர் சாஃப்ட் பக்கம். ஒரே ஒரு கியர்ல மட்டும் கத்துனா அந்தக் கியர் பல்லு. ரிவர்ஸ்ல உய்ங்குன்னு வர்றதுக்கு மட்டும் பயந்து எந்திரிச்சு ஓடாத. நேர்ப்பல்லு வெட்டுன சக்கரம், புது வண்டியிலயும் அப்பிடித்தான் பாடும்.

இன்னொரு சங்கதி இருக்கு, அத ஒனக்கு எவனும் சொல்லியிருக்க மாட்டான். வண்டிக்குப் பின்னால போயிக் குனிஞ்சு பாரு. ஆக்ஸில் நடுவுல இருக்க வேண்டிய குண்டு ஒரு பக்கமா ஒதுங்கிக் கெடக்கும். ஓம் வண்டி 1941-ல சண்டைக்குன்னு வந்த வில்லிஸ் ஜீப்பு வம்சம். அதத்தான் மகேந்திரா கம்பெனி 1940-களோட கடைசியில இங்க பூட்ட ஆரம்பிச்சது. அந்த வம்சத்துல கியர்பாக்ஸுக்குப் பின்னால ட்ரான்ஸ்பர் கேஸ்னு இன்னொரு பெட்டி. நாலு சக்கரத்தையும் இழுக்கச் சொன்னாலும் சரி, ரெண்ட மட்டும் இழுக்கச் சொன்னாலும் சரி, வெசை அதுக்குள்ள இருக்கிற பல்லுச்சக்கரம் வழியாத்தான் பின் சக்கரத்துக்குப் போகும். அந்தக் குண்டு ஒதுங்கிக் கெடக்குறதும் அதுக்குத்தான். அதனால எந்தக் கியருலயும் ஒரு ஙொய்ங் இருந்துக்கிட்டே இருக்கும். அது பிறவிச் சத்தம்யா. அதச் சரி பண்றேன்னு எவனாவது சொன்னா, அவன் வீட்டு மாடி கட்டி முடிக்கிற வரைக்கும் நீ காசு குடுக்கணும்.

வெள்ளன எந்திரிச்சு, கூட்டம் இல்லாத நேரமாப் பாத்து, பந்தல்குடி பக்கம் நாலுவழிச் சாலைக்குப் போ. அம்பதுல ஓட்டிட்டு நியூட்ரலுக்குத் தள்ளு. இஞ்சின அணைச்சுப்புடாத. அப்பயும் அதே சத்தம் வந்துக்கிட்டே இருந்தா, பெட்டிய விட்டுட்டுப் பின்னால தேடு. திரும்பக் கியருல போட்டு ஆக்ஸிலேட்டர மிதிச்சா ஊளை, விட்டா அடங்குதுன்னா, அந்தக் குண்டுக்குள்ள இருக்கிற கிரவுன் பினியன். வலது பக்கம் வளைக்கையில கூடுனா இடது சக்கரத்துப் பேரிங், ஏன்னா பாரம் அங்கதான் சாயும். தார் ரோட்டவிட்டு மண்ணுல எறங்குனதும் சத்தமே காணாமப் போச்சுன்னா, மருமகனே, அது நீ பந்தாவுக்குப் போட்ட பட்டன் டயரு.

வண்டிய எடுக்கையில டொக்குன்னு ஒரு அடி விழுகுதுல்ல, அதுக்கும் கியர்பாக்ஸுக்கும் சம்பந்தமே இல்லாம இருக்கும். சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கல்லப் போட்டுட்டு, நியூட்ரல்ல வச்சு, அடியில போயி ப்ராப்பல்லர் சாஃப்டக் கையில பிடிச்சுத் திருகு. அது முனையில இருக்கிற கிராஸ் ஆடுதா? கப்ப ஒட்டிச் செவப்புப் பொடி ஒட்டியிருக்கா? கிரீஸே காணாம உள்ள ஊசி பேரிங் துருவாப் போயிருச்சுன்னு அர்த்தம். கிரீஸ் கன்ன எடுத்து நாலு அழுத்து அழுத்த யாருக்கும் நேரமில்ல, கியர்பாக்ஸ எறக்க மட்டும் நேரமிருக்கு.

இம்புட்டும் பாத்த பெறகு ஆயிலப் பாரு. நெசத்துல அதத்தான் மொதல்ல பாக்கணும், நீ பாட்டுக்குப் பேசவிட்டுட்ட. பக்கவாட்டு நட்டக் கழட்டி வெரல விட்டா, ஓட்டை மட்டத்துல தட்டுப்படணும். நம்ம பக்கத்துப் புழுதியும் கரிசச் சகதியும் ஆக்ஸில் மேல இருக்கிற மூச்சு ஓட்டைய அடைச்சிரும். சூட்டுல உள்ள அழுத்தம் ஏறி, சீல் வழியா ஆயிலு வெளிய ஒழுகும். அப்புறம் காஞ்சு கத்தும். எறக்குன ஆயில வெள்ளத் துணியில ஊத்திப் பாரு. கருப்புப் பசைன்னா வயசு. மஞ்சளா மினுமினுத்தா உள்ள கியரு மாத்த உதவுற பித்தளை ரிங் தேயுது. கையில நெரடுற துண்டு வந்தாத்தான் பெட்டியத் தொறக்கணும். வெளுத்து நுரைச்சிருந்தா தண்ணி. "குடிக்கவே தண்ணி இல்லாத சீமையில கியர்பாக்ஸுக்கு எங்கிட்டிருந்து மாமா?"ன்னு கேக்காத. ஐப்பசி மழையில குண்டாத்துக்குள்ள விட்டு வீடியோ எடுத்தது நீதான.

மரத்தூள் கெடக்கான்னும் பாத்துக்க. கெட்டி ஆயிலுல மரத்தூளக் கலந்து சத்தத்த அமுக்கி விக்கிறது ஒலகம் பூராம் உள்ள வித்தை. வாழப்பழத்தத் தோலோட போட்டவிங்களும் உண்டும்பாய்ங்க. இன்னைக்கு வாழப்பழம் விக்கிற வெலைக்கு நம்ம ஆளுக அதச் செய்ய மாட்டாய்ங்க.

ஊத்துற ஆயிலுலயும் சூதானமா இரு. ரெண்டுமே 90 நம்பர்தான்னு கடைக்காரன் ஒரே டப்பாவ நீட்டுவான். கியர்பாக்ஸுக்கு ஜி.எல். 4, பின் ஆக்ஸிலுக்கு ஜி.எல். 5. அஞ்சாம் நம்பருல இருக்கிற கந்தகச் சரக்கு சில நேரம் பித்தளை ரிங்க அரிச்சுப்புடும்.

நாளைக்கே பண்ணு. ஆனா ஒண்ணு, கீழ இருக்கிற நட்ட எடுத்த எடுப்புல தொட்டுறாத. மேல பக்கவாட்டுல ஆயில் ஊத்துற நட்டு கழலுதான்னு மொதல்ல பாத்துட்டு, அப்புறம் கீழ உள்ளதக் கழட்டு. உள்ள இருந்த ஆயில பூராம் எறக்கிவிட்டுட்டு மேல் நட்டு துருப்பிடிச்சுக் கழலலைன்னா, திருச்சுழியில இருந்து அருப்புக்கோட்டை வரைக்கும் கயித்தக் கட்டித்தான் இழுத்துட்டுப் போகணும். எங்கிட்டக் கயிறு கேட்டு வந்துறாத.