இடுப்புக்குப் பட்டா

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் இருந்த ரூட் கண்ணாடி கம்பெனி செய்த ஒரு பாட்டிலின் வடிவத்துக்கு 1915 நவம்பர் 16-இல் காப்புரிமை கிடைத்தது. கோகோ கோலா பாட்டில்தான். வடிவக் காப்புரிமைக்கு அன்று அதிகபட்ச ஆயுள் 14 ஆண்டு. புதிதாக ஒன்றைச் செய்தாயா, 14 ஆண்டு நீயே அனுபவி, பிறகு ஊருக்கு விட்டுவிடு என்பது ஏற்பாடு. குத்தகைக்கு எடுத்தவர் கெடு முடிந்ததும் கண்ணியமாகக் காலி செய்வார் என்று நம்பிய சட்டத்தின் வெகுளித்தனத்தை என்னவென்பது!

1929-இல் முடிய வேண்டிய உரிமை. 1923-லேயே அடுத்ததை வாங்கி வைத்துவிட்டார்கள். அதுவும் டிசம்பர் 25 அன்று. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் செவ்வாய்க்கிழமைகளில்தான் உரிமம் வழங்கும்; அந்த ஆண்டு கிறிஸ்துமஸும் செவ்வாயில் வந்தது. பாலன் பிறந்த நாளில் பாட்டிலும் மறுபிறவி எடுத்தது. 1937-இல் இன்னொரு பிறவி. ஆக 14 ஆண்டு 36 ஆண்டாகி 1951 வரை இழுத்தது. மூன்றாவது முறையும் அதே இடுப்பைப் பார்த்துப் 'புதிய வடிவம்' என்று முத்திரை குத்திய அதிகாரியை யாராவது கண் டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கலாம்.

அதன் பிறகாவது விட்டார்களா? 1960-இல் அதே பாட்டிலை வணிகச்சின்னமாகப் பதிந்தார்கள். காப்புரிமைக்காவது சாவு உண்டு. சின்னத்துக்கு அதுவும் கிடையாது. பணம் கட்டிப் புதுப்பித்தால் போதும், சிரஞ்சீவி.

அப்படி என்ன அபூர்வச் சிந்தனை அது? ரூட் கம்பெனி ஆட்கள் நூலகத்துக்குப் போய்க் கலைக்களஞ்சியத்தைப் புரட்டினார்கள். கண்ணில் பட்டது கோகோ காய். சாக்லேட் செய்கிற காய். இந்தப் பானத்தில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. அதனாலென்ன, புடைத்த வயிறும் நெடுக்கு வரிகளும் அழகாக இருந்தன. வரைந்தவர் ஏர்ல் டீன். காப்புரிமையோ தொழிற்சாலை மேற்பார்வையாளர் அலெக்சாண்டர் சாமுவேல்சன் பெயரில். படைத்தவனின் உரிமையைக் காக்கத்தான் காப்புரிமை என்று பாடம் எடுப்பவர்கள், டீன் பெயர் எங்கே என்று கேட்டால் தொண்டையைச் செருமுகிறார்கள். கோகோ மரம் பாவம், அதற்கு வக்கீல் இல்லை.

பிரிட்டனில் 1986-இல் விவகாரம் பிரபுக்கள் சபை வரை போனது. பாட்டில் என்பது பானத்தை ஊற்றி வைக்கும் பாத்திரம், அது சின்னமாகாது என்று பிரபுக்கள் கதவைச் சாத்தினார்கள். பாதுகாக்க வந்த சட்டத்தை ஏகபோகத்துக்கு ஊற்றாக்கப் பார்க்கிறார்கள் என்று டெம்பிள்மன் பிரபு முகத்துக்கு நேரே எச்சரித்தார். கோமான்கள் வாயிலிருந்து குடிமக்களுக்கான நியாயம்! அது எத்தனை நாளைக்கு? 1994-இல் சட்டமே மாறியது. வடிவமும் சின்னமாகலாம் என்றானது. பேராசைக்கு அதுவும் போதவில்லை. நெடுக்கு வரிகளை அழித்துவிட்டு, வெறும் வளைவும் எங்களுடையதே என்று ஐரோப்பிய ஒன்றியத்திடம் போனார்கள். இதில் தனித்தன்மை எதுவும் இல்லை என்று 2016-இல் லக்சம்பர்க்கில் உள்ள ஒன்றியத்தின் நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. அந்த நீதிபதிகளுக்குக் கண் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

1915-இல் பானத்தைப் பாட்டிலில் அடைத்து விற்ற வியாபாரிகள் போட்ட நிபந்தனையைச் சொல்ல வேண்டும்: இருட்டில் தொட்டாலும், உடைந்து தரையில் கிடந்தாலும், இது நம் பாட்டில் என்று தெரிய வேண்டும். அந்த ஆசை இன்று உலக அளவில் நிறைவேறிவிட்டது. கண்ணாடி போய் பிளாஸ்டிக் வந்தது. கடற்கரைகளிலும் தெருக்களிலும் குப்பையைப் பொறுக்கிக் கம்பெனி வாரியாக எண்ணும் தன்னார்வலர்களின் பட்டியலில் 2018 தொடங்கித் தொடர்ந்து பல ஆண்டுகள் முதலிடம் கோகோ கோலாவுக்கே. கடையில் நிற்கும்வரை வளைவு, வரி, எழுத்து, சிவப்பு எல்லாவற்றுக்கும் உரிமையாளர் உண்டு. சாக்கடையை அடைத்துக்கொண்டு கிடக்கும்போது மட்டும் அதே பாட்டில் அநாதை. அப்போது அதன் பெயர் 'பொதுமக்களின் பொறுப்பின்மை'. ஒரு வளைவுக்காக லக்சம்பர்க் வரை போன வக்கீல்களில் ஒருவர்கூட சாக்கடைக் கரைக்கு வந்து, இது எங்கள் கட்சிக்காரருடையது என்று உரிமை கோரியதில்லை.