ஞாயிற்றுக்கிழமை முதலாளி

சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்குச் சம்பளப் பட்டுவாடா முடித்து, ஷட்டரை இறக்கி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிற வரைக்கும் அவர் முதலாளி. ஞாயிறு காலை ஆறரைக்கு அதே மனிதர் அரை டிராயரும் டிஷர்ட்டுமாக வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு வரும்போது குடும்பஸ்தர். ஒரு கையில் நாய்க் கயிறு, மறு கையில் செல்போன். திருப்பூரில் பெருமாநல்லூர் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் எந்த வீதியில் நின்றாலும் இப்படி ஒருவரைப் பார்க்கலாம். எங்கள் வீதிக்காரரை எனக்குக் கொஞ்சம் அதிகமாகத் தெரியும், அவ்வளவுதான்.

முதலில் அந்த டிஷர்ட்டைப் பார்க்க வேண்டும். மாசம் லட்சம் பீஸ் தைத்து அனுப்புகிறவர் தான் போட்டுக்கொள்வது மட்டும் செகண்ட்ஸ். நல்ல பீஸைப் போட்டால் தூக்கம் வராது. மார்பில் ஏதோ டேனிஷ் மொழியில் பெரிதாக எழுதியிருக்கும்; பிரிண்ட் கால் இஞ்சு கோணலாகப் போனதால் பையர் தள்ளிய சரக்கு. 'நான் இனி டயப்பர் போடுவதில்லை' என்று அதற்கு அர்த்தமாம். அவருடைய மகள் போனில் போட்டுப் பார்த்துச் சொன்னாள். அதற்குப் பிறகும் போட்டுக்கொண்டுதான் வருகிறார். "எழுத்துல என்ன கண்ணு இருக்குது, துணியைப் பாரு, நூத்தி எம்பது ஜிஎஸ்எம்."

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். அதைக் கண்டுபிடிக்க ஒரு மீட்டர் துணியை வெட்ட வேண்டியதில்லை. வட்டமான கட்டர் ஒன்று உண்டு. துணி மேல் வைத்து அழுத்தித் திருகினால் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் வட்டமாக வெட்டுப்பட்டு வரும். அதைச் சின்னத் தராசில் போட்டு நூறால் பெருக்க வேண்டியதுதான். 1.8 கிராம் என்றால் 180. நம்மவருக்குக் கட்டரும் வேண்டாம், தராசும் வேண்டாம். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் போதும். எதிரில் வருகிறவர் கை குலுக்க நீட்டினால் இவர் கையைத் தாண்டிப் போய்ச் சட்டைக் கையைத்தான் பிடிப்பார். பிடித்து, இரண்டு விரலால் ஒரு நசுக்கு, ஒரு உருட்டு. கண் பாதி மூடும். "ரிப்பா? இன்டர்லாக்கு மாதிரியல்ல இருக்குது." அதன் பிறகுதான் "நல்லா இருக்கறீங்களா?"

கோயமுத்தூரிலிருந்து மச்சான் ஒருமுறை மூவாயிரம் ரூபாய் டிஷர்ட்டில் வந்து இறங்கினார். நடையிலேயே நசுக்கல் நடந்தது. "மாப்ளே, நூத்தி அறுவதுதான் வரும். மூவாயிரமா குடுத்தே?" அத்தோடு விட்டிருக்கலாம். கீழ் ஓரத்தை மடித்து உள் தையலைப் பார்த்து, "இது நம்மூர்த் தையலு" என்றும் சொல்லிவிட்டார். மச்சான் மத்தியானக் கறிச் சோறு வரைக்கும் யாரோடும் பேசவில்லை.

நாய்க்கு வருவோம். பெயர் போலோ. போலோ டிஷர்ட் ஆர்டர் ஒன்றுக்குப் பணம் வந்த வாரத்தில் வந்து சேர்ந்ததால் அந்தப் பெயர். ஜாதி லாப்ரடார். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எங்கள் வீதியில் இருக்கிறார், சுதேசி ஆள். திருப்பூர் குமரன் ஊரில் இருந்துகொண்டு சீமை நாய் வளர்ப்பதா என்று அவருக்கு ஆற்றாமை. இராஜபாளையம், கோம்பை, கன்னி, சிப்பிப்பாறை என்று நம் நாட்டிலேயே என்னென்ன நாய் இருக்கிறது, 2005-ல் அஞ்சல் துறை நாய்களுக்குத் தபால்தலை போட்டபோது இராஜபாளையத்துக்கும் ஒன்று போட்டார்களே என்று எடுத்துச் சொன்னார். நம்மவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் டொமெஸ்டிக்குங்க சார். இது எக்ஸ்போர்ட் குவாலிட்டி."

இந்த ஊரில் மனிதர்களையே அப்படித்தான் பிரிப்பார்கள். எக்ஸ்போர்ட் செய்கிறவர் ஒரு சாதி, உள்ளூருக்குப் பனியன் ஜட்டி போடுகிறவர் ஒரு சாதி. நாய் மட்டும் என்ன விதிவிலக்கு?

ஆனால் அந்த எக்ஸ்போர்ட் குவாலிட்டி படுகிற பாட்டைச் சித்திரை மாசத்தில் பார்க்க வேண்டும். கனடாக் கரையோரத்துப் பனியில் மீன்வலை இழுத்த பரம்பரை. உடம்பில் இரண்டு அடுக்கு ரோமம். பிறக்கும்போதே பிளீஸ் ஜாக்கெட் போட்டுக்கொண்டு பிறந்த பிராணிக்கு, நம்மவர் அதற்கு மேலே ஒரு சிங்கிள் ஜெர்சி மாட்டி விடுவார். ஏதோ பையருக்கு நாய்ச் சட்டை சாம்பிள் அனுப்பினாராம். ஆர்டர் வரவில்லை, அளவு பார்க்கப் போட்ட சட்டை போலோவுக்கு நிரந்தரமாகிவிட்டது. வால் பக்கம் அரை இஞ்சு தூக்கும். அதைப் பார்க்கிறபோதெல்லாம் அவர் முகம் சுண்டும். நாய்க்காக இல்லை, போன ஆர்டருக்காக.

வாரத்தில் ஆறு நாள் ஓவர்லாக், பேட்லாக் சத்தம் வீதி முழுக்கக் கரகரவென்று ஓடிக்கொண்டே இருக்கும். அது நிற்கிற ஞாயிறு காலைதான் இந்த ஊரில் காக்கை இருப்பதே தெரியும். அந்த அமைதியில் போலோ ஒவ்வொரு கம்பமாக மோந்து பார்க்கும். நம்மவர் ஒவ்வொரு கம்பெனியாக மோந்து பார்ப்பார். அவர் நடக்கிற தடம் ஒன்றும் தற்செயல் இல்லை. போட்டிக்காரர் யூனிட் ஐந்தையும் தொட்டுக்கொண்டு போகிற மாதிரி அமைந்தது. எந்தக் கேட்டுக்குள் எத்தனை பைக் நிற்கிறது, எங்கே ஜெனரேட்டர் புதுசு, தன்னிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மறைந்த பேட்லாக் டெய்லரின் சிவப்புப் பைக் எங்கே நிற்கிறது, எல்லாம் கணக்கில் ஏறிவிடும். பாதி இறக்கிய ஷட்டருக்குள்ளே ஞாயிற்றுக்கிழமையும் மெஷின் சத்தம் கேட்டால் அப்படியே நின்றுவிடுவார். "ஷிப்மெண்ட் லேட்டு. ஏர்லதான் போகோணும்." கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போனால் அந்தச் செலவு பெரும்பாலும் தைத்தவர் தலையில்தான், லாபமும் அதே விமானத்தில் ஏறிவிடும். "பாவம்" என்பார். அந்தப் பாவத்தைச் சொல்லும்போது அவர் நடையில் ஒரு துள்ளல் வந்துவிடும்.

கயிறு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. கடையில் நாய்க் கயிறு எண்ணூறு ரூபாய் சொன்னார்கள். எண்ணூறா! கம்பெனி ஸ்டோரில் பாக்ஸருக்கு இடுப்பில் வைக்கிற நாற்பது மில்லிமீட்டர் எலாஸ்டிக் ரோல் ரோலாகக் கிடக்கிறது. இரண்டு மடிப்பு வைத்து, நான்கு வரி தையல் போட்டு, முனையில் கொக்கி மாட்டி, அவரே முன்னால் நின்று தைத்து வாங்கினார். இழுத்துப் பார்த்துத் தரம் சொன்னார். அடுத்த ஞாயிறு வாத்தியார் வீட்டுத் திண்ணையிலிருந்து ஒரு பூனை இறங்கியது. போலோ பாய்ந்தது. எலாஸ்டிக் தன் தர்மத்தைச் செய்தது: நீண்டது. நாய் பத்தடி தள்ளி இருக்கிறது, முதலாளி இருந்த இடத்திலேயே இருக்கிறார், நடுவில் எலாஸ்டிக் மெலிந்து நூலாகிக்கொண்டே போகிறது. ஒரு நொடி இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூனை சுவரேறிவிட்டது. போலோ ஆர்வம் குறைந்து தளர்ந்தது. முப்பத்தைந்து கிலோ லாப்ரடார், இடுப்புப் பட்டை ஜட்டியோடு ஒட்டுகிற வேகத்தில், வந்த வழியே திரும்பி முதலாளியின் முழங்காலில் வந்து சேர்ந்தது. மூலையில் கட்டிங் வேஸ்ட் மூட்டை மேல் படுத்திருந்த தெருநாய்கள் நான்கும் எழுந்து நின்று பார்த்தன. குரைக்கக்கூட இல்லை.

எழுந்து டிராயரைத் தட்டிக்கொண்டே அவர் சொன்னது: "ரெக்கவரி நல்லா இருக்குது."

வீட்டுக்குத் திரும்பினால் 'பேமிலி டைம்'. இந்தச் சொல்லை அவர் எந்தப் பையரிடம் கற்றுக்கொண்டாரோ தெரியாது. வெள்ளைக்காரப் பையர் சனி ஞாயிறில் மெயிலுக்குப் பதில் போடுவதில்லை. கேட்டால் குடும்பம் என்கிறான். அதிலிருந்து இவருக்கும் குடும்பம் வேண்டியதாகிவிட்டது. வெள்ளிக்கிழமையே வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்துவிடும்: ஞாயிறு ஒன்பது மணிக்கு அனைவரும் ஒன்றாகச் சாப்பிடுகிறோம்.

சாப்பாட்டு மேசையிலும் விரல் சும்மா இருக்காது. ஏக்யூஎல் 2.5 என்று ஒரு கணக்கு உண்டு. மொத்தச் சரக்கையும் பிரிக்காமல் நாலு பெட்டியைப் பிரித்து, எத்தனை பீஸ் பழுது என்று எண்ணி, முழு ஷிப்மெண்டுக்கும் தீர்ப்புச் சொல்லும் முறை. அதே முறையில் இட்லித் தட்டிலிருந்து ஒன்றை எடுப்பார், திருப்பிப் பார்ப்பார், இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் வைப்பார்.

"ஏம்மா, ரெண்டுக்கும் ஷேடு வேரியேசன் தெரியுது பாரு."

"ஏனுங், ரிஜெக்ட்டுன்னா சொல்லீருங்க. போலோவுக்கு வெச்சர்றேன்."

எட்டு இட்லியும் பாஸாகிவிடும்.

அப்புறம் ஹாலில் எல்லோரும் உட்காருவார்கள். டிவி போடக்கூடாது. ஐந்து நிமிஷம் மின்விசிறி மட்டும் பேசும். பேச்சு எப்படி ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியாது; இருபத்தைந்து வருஷமாக அவர் ஆரம்பித்த பேச்செல்லாம் ஒரே கேள்வியில் ஆரம்பித்தவை. பிளஸ் டூ படிக்கும் மகனைப் பார்த்து அதையே கொஞ்சம் மாற்றிக் கேட்பார். "எத்தனை பாடம் ஆச்சு? பேலன்ஸ் எத்தனை?" மகளிடம், "காலேஜ் எப்படிப் போகுது, எல்லாம் ஆன் டைம்தானே?" என்பார். "அப்பா, நானென்ன பேக்கிங் செக்சன்லயா இருக்கறேன்?" என்று அவள் எழுந்துபோவாள். மிச்சம் இருப்பது போலோ. அதனிடம் மட்டும் அவர் எதுவும் கேட்பதில்லை. காதைத் தடவிக்கொண்டே சும்மா உட்கார்ந்திருப்பார். பழக்க தோஷம், காதையும் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கித்தான் பார்ப்பார். அது கண்ணை மூடிக்கொள்ளும்.

சாயங்காலம் ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் நஞ்சராயன் குளத்துக்கு ஒருமுறை குடும்பத்தைக் கூட்டிப் போனார். பறவைகள் சரணாலயம், 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பிடித்த குளம். போலோவை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். கரையோரக் கோரையில் நீலத் தாழைக்கோழி ஒன்று சிவப்பு அலகை ஆட்டிக்கொண்டு நடந்தது. பிள்ளைகள் போட்டோ எடுத்தார்கள். இவர் காருக்கு ஓடிப்போய் டேஷ்போர்டிலிருந்து பான்டோன் ஷேடு கார்டை எடுத்து வந்து, கையை நீட்டிக் கோழிக்கு நேராகப் பிடித்து ஒவ்வொரு நீலமாகத் தள்ளிப் பார்த்தார். பொருந்தவில்லை. "இந்த நீலம் டையிங்ல நிக்காது. ரெண்டாவது லாட்டுல மாறிப்போயிரும்" என்று பெருமூச்சு விட்டார். நொய்யலில் சாயத் தண்ணீர் ஓடிய காலத்தையும், 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகள் மொத்தமாக மூடிக் கிடந்ததையும், துணிக்குச் சாயம் போட ஊர் ஊராக லாரியில் அலைந்ததையும் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆரம்பித்தார். பிள்ளைகள் கேட்டார்கள். எனக்குத் தெரிந்து பேமிலி டைம் என்று ஒன்று உண்மையிலேயே நடந்தது அந்த அரை மணி நேரம்தான். அதுவும் வேலைப் பேச்சுதான்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா முதலில் 25 சதவீதம், மாசக் கடைசியில் அதன் மேல் இன்னொரு 25 என்று வரியைப் போட்டது. அமெரிக்க ஆர்டர் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் 'கொஞ்சம் நிறுத்தி வைங்க' என்று மெயில் வந்தது. சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணி என்பது ஏழு மணியானது. பிறகு சனிக்கிழமையே இல்லை என்றானது. கேட்காமலே வாரத்துக்கு இரண்டு நாள் லீவு கிடைத்தவர் சனிக்கிழமையும் நாயோடு வீதியில் தென்பட ஆரம்பித்தார். "இப்பத்தானுங்க பேமிலியோட இருக்க நேரம் கிடைச்சிருக்குது" என்றார். நான் சின்னதாக ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டுக்குக் கணக்கு எழுதுகிறவன். எங்கள் நோட்டிலும் அந்த மாசம் பக்கம் காலிதான். நானும் ஆமாம் என்றேன்.

அந்த நாட்களில் ஒன்று கவனித்தேன். பட்டன் வர ஒரு நாள் தாமதமானால் நாலு பேரைப் போனில் கிழிக்கிற மனிதர், போலோ ஒரு கம்பத்தடியில் யோசித்துக்கொண்டு நிற்கிற மூன்று நிமிஷமும் வாயைத் திறக்காமல் நிற்கிறார். 'சீக்கிரம்' என்று ஒரு வார்த்தை இல்லை. போட்டிக்காரர் கேட்டைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்து என்ன, எல்லாக் கேட்டும் சாத்தித்தான் கிடந்தது.

அப்படி ஒரு வார இறுதியில் அவருடைய அப்பா ஊரிலிருந்து வந்தார். காங்கேயம் பக்கம் தோட்டம். கிளுவை வேலி போட்ட கொறங்காடு, அதில் ஆட்டுப் பட்டி. இந்த இரண்டு மூன்று வருஷமாக அந்தப் பக்கம் தெருநாய்க் கூட்டம் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துப் போடுவதும், செத்த ஆட்டோடு விவசாயிகள் ரோட்டில் உட்கார்ந்து இழப்பீடு கேட்பதும் பேப்பரில் வருகிற சேதி. அதனால் பெரியவருக்கு நாய் என்பது கொஞ்சுகிற விஷயமில்லை. தோட்டத்தில் மணி என்று ஒன்று இருக்கிறது; அதற்குச் சட்டை இல்லை, கயிறு இல்லை, நடைப்பயிற்சி என்றால் பட்டியைச் சுற்றி ராத்திரி முழுக்க. போலோவின் சட்டையை அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "இதுக்கு என்னடா, காய்ச்சலா?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிறு விடிகாலை நம்மவர் எழுந்து பார்க்கும்போது ஆணியில் கயிறு தொங்குகிறது, அதன் மேலே நாய்ச் சட்டை மடித்து வைத்திருக்கிறது, கேட் திறந்திருக்கிறது, நாயைக் காணோம். கயிற்றை உருவிக்கொண்டு டயப்பர் டிஷர்ட்டோடு வீதிக்கு ஓடி வந்தார். பால் வாங்க வந்த நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூலை பேக்கரியைத் தாண்டிப் பெரியவர் தோளில் துண்டோடு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாகப் போகிறார். நாலடி பின்னால், அவர் நடைக்குத் தன் நடையை அளந்து வைத்துக்கொண்டு போலோ. கம்பம் வந்தது; நிற்கவில்லை. வேஸ்ட் மூட்டை வந்தது; தெருநாய்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டன.

"அப்பா, கவுத்தைப் புடிச்சுக்குங்க! ஓடிப்போயிரும்!"

பெரியவர் திரும்பவில்லை.

"எங்கடா ஓடும்? இதென்ன உன்ற கம்பெனிலயா வேலை பாக்குது?"