கையெழுத்தைத் தவிர எல்லாம்

ஆடிட்டராகப் பயிற்சி பெறும் பையன் என்னவெல்லாம் செய்யலாம் என்று சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் கையில் ஒன்றும் சிக்காது. என்ன செய்யக் கூடாது என்பது மட்டும் பளிச்சென்று இருக்கிறது. 1949ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டம், 26ஆம் பிரிவு: பட்டயக் கணக்காளர் கழகத்தின் உறுப்பினர் அல்லாத எவரும், தொழில் நடத்தும் ஆடிட்டருக்காகவோ அவருடைய நிறுவனத்துக்காகவோ தொழில்சார்ந்த எந்த ஆவணத்திலும் கையெழுத்திடக் கூடாது. அப்படிப் போட விட்ட ஆடிட்டர் மேலும் ஒழுங்கு நடவடிக்கை உண்டு. சரி, மீதி? மீதியெல்லாம் செய்யலாம். செய்யலாம் என்ன செய்யலாம், அவன்தான் செய்கிறான்.

நானும் மூன்று வருடம் செய்தேன். மண்ணடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாவது மாடி. முதல் நாள் கையில் பச்சைப் பேனாவைக் கொடுத்து ஒரு ஜவுளிக்கடையின் வவுச்சர் மூட்டைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். பில்லைப் பார், டேலியில் இருக்கும் பதிவைப் பார், இரண்டும் ஒத்துப்போனால் டிக் அடி. டிக் என்றால் ‘பார்த்தேன்’ என்று அர்த்தம். மூன்றாவது வாரத்தில் டிக் என்றால் ‘டிக் அடித்தேன்’ என்று மட்டுமே அர்த்தம்.

இதற்கு மாதம் 1,000 ரூபாய். இரண்டாம் ஆண்டு 1,250. மூன்றாம் ஆண்டு 1,500. இது எங்கள் ஆடிட்டரின் கஞ்சத்தனம் இல்லை. கழகத்தின் விதி வகுத்த குறைந்தபட்சத் தொகை. குறைந்தபட்சம் என்பதை அவர் அதிகபட்சம் என்று படித்துக்கொண்டார், அவ்வளவுதான். சென்னை பெரிய ஊர் என்பதால் இந்தத் தொகை. ஊரின் மக்கள்தொகை குறையக் குறைய ஸ்டைபண்டும் குறையும். சின்ன ஊர்ப் பையனுக்குப் பசியும் சின்னது என்று யாரோ தணிக்கை செய்து கண்டுபிடித்திருக்கிறார்கள். பிற்பாடு தொகையை இரட்டிப்பாக்கினார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே எங்களை ‘ஆர்ட்டிகிள்ட் கிளார்க்’ என்பதிலிருந்து ‘ஆர்ட்டிகிள்ட் அசிஸ்டென்ட்’ என்று உயர்த்தியிருந்தார்கள். பெயரை உயர்த்தச் செலவில்லை.

“இங்கிலாந்துல அந்தக் காலத்துல பையனோட அப்பாதாம்ப்பா பிரீமியம் கட்டிச் சேத்து விடணும்” என்பார் எங்கள் ஆடிட்டர். சொல்லும்போது குரலில் ஓர் ஏக்கம் தொனிக்கும்.

இரண்டாம் வருடம் மார்ச் 31 அன்று சரக்கிருப்பு எண்ணுவதற்குத் திருப்பூர்ப் பக்கம் ஒரு நூற்பாலைக்கு அனுப்பினார்கள். எனக்கு இருபது வயது. நூல் கோனுக்கும் ஐஸ்கிரீம் கோனுக்கும் வித்தியாசம் தெரியும், அதற்கு மேல் தெரியாது. மேனேஜர் அன்பான மனிதர். “கோன் எங்கீங்க தம்பி ஓடிப்போகுது, மொதல்ல சாப்புடுங்க” என்றார். சாப்பிட்டு முடித்ததும் ஒரு தாளை நீட்டினார். இருப்பு முழுவதும் பெட்டி வாரியாக, எடை வாரியாக, காசு வரைக்கும் மதிப்புப் போட்டு டைப் அடித்திருந்தது. “எண்ணி முடிச்ச மாதிரியே இருக்குமுங்க” என்றார். நான் நாலு பெட்டியைத் திறந்து பார்த்தேன். நாலிலும் நூல் இருந்தது. டிக்.

அதே வருடம் பாடப் புத்தகத்தில் கிங்ஸ்டன் பஞ்சாலை வழக்கைப் படித்தேன். 1896, இங்கிலாந்து. ஆலை மேனேஜர் பஞ்சு, நூல் இருப்பை ஊதிப் பெருக்கி எழுதிக் கொடுத்தார். ஆடிட்டர்கள் அந்தத் தாளை அப்படியே நம்பினார்கள். ஆடிட்டர் காவல் நாய்தான், மோப்ப நாய் அல்ல என்று சொல்லி நீதிமன்றம் அவர்களை விட்டுவிட்டது. நம் நாட்டில் கணக்குப் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் இதை மனப்பாடம் செய்கிறது. மனப்பாடம் செய்து என்ன? இங்கே காவல் நாய் ஏ.சி. அறையில் படுத்திருக்கிறது. வாசலில் கட்டியிருப்பது அதன் குட்டியை. குரைத்தால் க்ளையண்ட் போய்விடுவார் என்று அதன் வாயையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

எங்கள் ஆபீஸில் ஓர் அண்ணன் இருந்தார். ‘இன்டர் முடிச்சவர்’ என்பதுதான் அவருடைய பட்டம். சி.ஏ. ஃபைனல் தேர்வில் ஒரு குரூப் பாஸானால் இன்னொன்று போகும். எத்தனை அட்டெம்ப்ட் என்று கேட்டால் சிரிப்பார். நரை வந்துவிட்டது. எந்த க்ளையண்டுக்கு எந்த மாமனார் பெயரில் கடன், எந்த கோடவுனில் எந்தப் பழைய சரக்கு என்பதெல்லாம் அவருடைய தலைக்குள் இருந்தது. புதிதாகப் பாஸாகி வந்த பார்ட்னர்கள் அவரிடம்தான் தொழில் கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொண்டு அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். சட்டத்தின் கண்ணில் அவரும் என்னைப் போலவே உறுப்பினர் அல்லாத எவரோ ஒருவர். ஆனால் ஒன்று. ஆடிட்டரின் கையெழுத்தை அவரைப் போல யாராலும் போட முடியாது. ஒரு முறை ஆடிட்டர் தானே போட்டனுப்பிய நிஜக் கையெழுத்தை, பொருந்தவில்லை என்று வங்கி திருப்பி அனுப்பியது. அண்ணன் இன்னொரு படியில் போட்டுக் கொடுத்தார். உடனே ஏற்றுக்கொண்டார்கள்.

ஆபீஸ் முழுக்கச் சிரித்தோம். இப்போது சிரிப்பு வரவில்லை. அந்தத் தாளை நம்பி வங்கி கொடுத்த கடன் யாருடைய காசு? பெண்ணின் கல்யாணத்துக்கு என்று ஒருவர் ஃபிக்ஸடில் போட்டு வைத்த காசு. ஆடிட்டர் பார்த்திருப்பார் என்று வங்கி மேனேஜர் நம்புகிறார். பையன் பார்த்திருப்பான் என்று ஆடிட்டர் நம்புகிறார். மேனேஜர் பொய்யா சொல்லப்போகிறார் என்று பையன் நம்புகிறான். இப்படி ஒருவர் தலையில் ஒருவர் கை வைத்துக்கொண்டு நிற்பதற்குத்தான் ‘உண்மையும் நேர்மையுமான தோற்றம்’ என்று பெயர் வைத்து, அடியில் சீல் குத்துகிறோம்.

2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு கடிதம் எழுதிக் குட்டை உடைத்தபோது, கணக்கில் காட்டிய பல ஆயிரம் கோடி ரூபாய் வங்கியில் இல்லவே இல்லை என்று தெரிந்தது. வங்கியிடமிருந்து ஆடிட்டர் நேராக வாங்க வேண்டிய உறுதிக் கடிதத்தைக் கம்பெனி நிர்வாகத்தின் கையில் விட்டுவிட்டார்கள் என்று அமெரிக்காவின் பங்குச் சந்தை ஆணையம் 2011இல் சொன்னது. சத்யத்தைத் தணிக்கை செய்த பிரைஸ் வாட்டர்ஹவுஸின் இந்திய நிறுவனங்களுக்கு 60 லட்சம் டாலர் அபராதமும் போட்டது. ஊரே பதறியது. கருத்தரங்கு நடந்தது, சமோசா வந்தது. ஏறக்குறைய பத்து வருடம் கழித்து எங்கள் ஆபீஸில் என்னுடைய வேலைகளில் ஒன்று: வங்கிக்கான உறுதிக் கடிதத்தை டைப் அடித்து, அதை க்ளையண்டின் அக்கவுன்டன்ட் கையில் கொடுத்து, “பேங்க்ல வாங்கி அனுப்பிடுங்க சார்” என்று சொல்லிவிட்டு வருவது. டீ குடித்துவிட்டுத்தான் வருவேன்.

கண்டிப்பு இல்லை என்று சொல்லவில்லை. பையன் விஷயத்தில் கண்டிப்புக்குக் குறைவே கிடையாது. எத்தனை நாள் லீவு எடுத்தான், கல்லூரிக்குப் போகப் படிவம் கொடுத்தானா, வாரத்துக்கு 35 மணி நேரம் வந்தானா என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. அந்த 35 எங்கள் ஆபீஸில் வியாழக்கிழமையே முடிந்துவிடும் என்பது வேறு கதை. வேறு ஆடிட்டரிடம் மாற வேண்டுமானால் இப்போதைய ஆடிட்டர் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும். மூன்று வருடத்தில் அவர் படித்துப் பார்த்துவிட்டுப் போட வேண்டிய ஒரே கையெழுத்து என்று ஒன்று இருந்தால் அதுதான். அதை அவர் போட மாட்டார்.

கையெழுத்து என்றதும் ஒருவர் ஞாபகம் வருகிறது. ஆர். சிவபோகம், இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர், இதே சென்னைக்காரர். விடுதலைப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர் என்பதால் கணக்காளராகப் பதிவு செய்ய விடாமல் வெள்ளைக்காரன் விதி குறுக்கே நின்றது. வழக்குப் போட்டு ஜெயித்து 1937இல் தனியாகத் தொழில் தொடங்கினார். தன் பெயரைத் தானே கையெழுத்திட ஒரு பெண் கோர்ட் படியேறிய ஊர் இது.

அந்த ஊரில் கையெழுத்து இன்று கட்டைவிரல் நீளத்தில் ஒரு பென் டிரைவ். டிஜிட்டல் டோக்கன் என்பார்கள். எங்கள் ஆடிட்டருடையது என் மேஜை டிராயரில், ஸ்டேப்ளருக்குப் பக்கத்தில் கிடந்தது. பாஸ்வேர்டு ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி அதன் மேலேயே ஒட்டியிருந்தது. ஏகலைவன் கட்டைவிரலை அறுத்துக் கொடுத்தது பழைய கதை. இங்கே துரோணர் தன் கட்டைவிரலைக் கழற்றிச் சீடன் டிராயரில் போட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்விடுகிறார்.

போலி ஆடிட்டர்கள் கையெழுத்துப் போட்டு ஊரை ஏமாற்றுகிறார்கள் என்று கழகம் 2019இல் ஒவ்வொரு சான்றுக்கும் 18 இலக்க எண்ணைக் கட்டாயமாக்கியது. யூடின் என்று பெயர். முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்த ஆறு ஆடிட்டரின் உறுப்பினர் எண், மீதிப் பத்தும் கம்ப்யூட்டர் போடுவது. நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். வெளியிலிருக்கும் போலி இதில் மாட்டிக்கொள்வான். உள்ளே டிராயரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இருபது வயது நிஜத்தை அது எப்படிப் பிடிக்கும்? அந்த எண்ணை எடுப்பவனே அவன்தானே.

வரித் தணிக்கை சீசனில் வந்து பார்த்திருக்க வேண்டும். ஓர் ஆடிட்டர் வருடத்துக்கு 60 வரித் தணிக்கைக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது கழகத்தின் வரம்பு. தணிக்கை அறிக்கைக்கான 3சிடி படிவத்தில் அப்போது 44 பிரிவு. அறுபதை நாற்பத்து நாலால் பெருக்கினால் 2,640. இத்தனைக்கும் பதிலை ஒரு மனிதர் தன் கண்ணால் பார்த்துத் திருப்தியடைந்தார் என்பது ஐதீகம். கடைசி தேதி இரவு பதினொன்றே முக்காலுக்கு வருமான வரி இணையதளம் சுற்றிச் சுற்றி நிற்கும். நான் போன் போடுவேன்.

“சார், ஓடிபி வந்திருக்கும்.”

பின்னால் நாதஸ்வரம் கேட்கும். ஆறு எண்ணையும் சொல்வார். எந்தக் கம்பெனிக்கு என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. “சாப்ட்டியாப்பா?” என்று மட்டும் ஒரு முறை கேட்டார். கெட்டவர் இல்லை.

நுங்கம்பாக்கம் நெடுஞ்சாலையில் கழகத்தின் கட்டடமும் வருமான வரி அலுவலகமும் அக்கம் பக்கம். கேள்வி கேட்க வேண்டியவர்கள் இருவரும் ஒரே பேருந்து நிறுத்தத்தில் இறங்குகிறார்கள். இருவருக்கும் நடுவே ஃபைல் கட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தவன் நான்.

ஃபைனலில் பாஸானால் மட்டும் கையெழுத்து வந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். உறுப்பினராகச் சேர விண்ணப்பிக்க வேண்டும், பிறகு தொழில் நடத்தும் சான்று தனியாக வாங்க வேண்டும். உறுப்பினர் எண் வரும்வரை பெயருக்கு முன்னால் சி.ஏ. என்று போட்டுக்கொண்டால் 24ஆம் பிரிவின்படி குற்றம். ரிசல்ட் வந்த அரை மணி நேரத்தில் வாட்ஸப்பில் போட்டுக்கொள்கிறார்கள். பாவம், பிள்ளைகள், விட்டுவிடலாம். கல்யாணத் தரகர்கள் இன்டரிலேயே போட்டுவிடுகிறார்கள். இரண்டெழுத்தை முன்னதாகப் போட்டுக்கொண்டவனுக்குத் தண்டனை உண்டு. மூன்று வருடம் இன்னொருவரின் முழுப் பெயரையும் போட்டுக்கொண்டிருந்தவனுக்கு அனுபவச் சான்றிதழ் உண்டு.

நவம்பரில் ஃபைனல் எழுதினேன். ஆடிட் பேப்பரில் தொழில் ஒழுக்கம் பற்றி ஒரு கேள்வி: ஆடிட்டர் ஒருவர் வெளியூரில் இருந்தபோது, அவருடைய அனுமதியோடு பயிற்சி மாணவன் அவருக்காகக் கையெழுத்திட்டான், விவாதிக்க. தெரிந்த கேள்வி. 26ஆம் பிரிவு, முதல் அட்டவணை, முதல் பகுதி, 12ஆம் கூறு, எல்லாவற்றையும் கடகடவென்று எழுதினேன். ஆடிட்டர் குற்றவாளி என்று முடித்து அடிக்கோடு போட்டேன். கை நடுங்கவில்லை.

வெளியே வந்து, ஒப்படைத்திருந்த போனை வாங்கி ஆன் செய்தேன். ஆபீஸிலிருந்து ஒன்பது மிஸ்டு கால். பத்தாவதை எடுத்தேன். ஆடிட்டர்தான்.

“எக்ஸாம் நல்லா எழுதினியாப்பா? சரி, டிராயர்ல டோக்கனைக் காணோமே. கையோட கொண்டுபோயிட்டியா?”

பேன்ட் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தேன். இருந்தது.