குழாயடிச் சங்கீதம்

கேள்வி: குடம் நிரம்பப் போவதை என் மனைவி அடுக்களையில் இருந்தபடியே கண்டுபிடித்துவிடுகிறாரே, எப்படி?

பதில்: காதால்தான். விழும் தண்ணீரின் சலசலப்பில் பல சுருதிகள் கலந்திருக்கும். குடத்துக்குள் இருக்கும் காற்று, தன் இயல்பான அதிர்வெண்ணுக்கு ஒத்துப்போவதை மட்டும் பிடித்துப் பெரிதாக்கும், இதுதான் ஒத்ததிர்வு. தண்ணீர் ஏற ஏறக் காற்றுக்கு இடம் குறைகிறது, சுருதி ஏறுகிறது. குடத்தின் கழுத்தும் வயிறும் கணக்கைச் சிக்கலாக்கும். அடி மூடிய நேர்குழாய் என்றால் சுலபம்: காற்றுத்தம்பத்தின் நீளம், அலைநீளத்தில் கால் பங்கு. 50 செ.மீ. தம்பம் சுமார் 170 ஹெர்ட்ஸில் பாடும், 25 செ.மீ. என்றால் 340, அதாவது ஒரு ஸ்தாயி மேலே. (முனைத் திருத்தம் எங்கே என்று கேட்கும் பிளஸ் ஒன் வாத்தியார்கள் மன்னிக்க!) மேல் ஷட்ஜம் கேட்ட பிறகும் நீங்கள் குழாயை மூடவில்லை என்றால், அடுத்து வரும் உச்சஸ்தாயி குடத்திலிருந்து வராது.