வங்கிக்காரரின் முதுகு

சைக்கிளில் ஊர் சுற்றலாம் என்கிற யோசனை சைக்கிள் ஓட்டிக்கொண்டிருக்கும்போது யாருக்கும் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பரோட்டாக் கடையில், இரண்டாவது தடவை சால்னா ஊற்றிய பிறகுதான் வரும். புதுக்கோட்டையில் எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. வாட்ஸ்அப் குழு தொடங்கியதும் பதினைந்து பேர் கட்டை விரலை உயர்த்தினார்கள். சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அவரவர் மாமியார்கள் வரிசையாக ஊரிலிருந்து வந்து இறங்க ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவசரமாக ஆபீஸ் தணிக்கை. அவர் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. விடிவதற்கு முன் கீழராஜ வீதியில் வந்து நின்றது நாலே பேர்.

வங்கிக்காரர் எடை நூற்றுச் சொச்சம் கிலோ. தமிழய்யா பணி ஓய்வு பெற்றவர்; பாடம் நடத்துவதிலிருந்து மட்டும் ஓய்வு பெறவில்லை. எங்களில் இளையவன் கணினிக்காரன். வீட்டிலிருந்தே பெங்களூருக்கு வேலை பார்க்கிறான். அவனுடைய சைக்கிளுக்கு இருபத்தொரு கியர்; விலையை அவன் மனைவியிடம் மூன்றில் ஒரு பங்காகச் சொல்லியிருக்கிறான், நாமும் அதையே சொல்ல வேண்டும். என்னுடையது அப்பா விட்டுப்போன ஹெர்குலிஸ். 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றும் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய ஆலையின் சரக்கு. ஒரே கியர். அதுவும் நம் கால்தான்.

திட்டம் எளிது. சித்தன்னவாசல் பதினாறு கிலோமீட்டர். அங்கிருந்து அன்னவாசல் வழியாகக் குடுமியான்மலை, அப்புறம் இருபது கிலோமீட்டரில் வீடு. பெரிய மேடு கிடையாது. தைல மரத் தோப்பும் பொட்டல் காடும் பாறையுமாக, பஸ் போன பிறகு அடுத்த பஸ் வரும்வரை ரோடு நமக்கே சொந்தம். எல்லாம் சரி, மாதம் ஆடி. அதை யாரும் யோசிக்கவில்லை.

கிளம்பும்போது காற்று தூங்கிக்கொண்டிருந்தது. ஏழு மணிக்கு எழுந்து மேற்கே இருந்து புறப்பட்டு வந்தது. நாங்கள் போவதும் மேற்கேதான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நாலு மடங்காகும் என்பதைப் பௌதிகப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். தொடையில் படித்தது அன்றைக்குத்தான். நாம் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் போக, எதிரே இருபதில் காற்று வந்தால், நெஞ்சுக்கு அது முப்பத்தைந்து. “திரும்பும்போது இதே காத்து நம்மளத் தள்ளிக்கிட்டுப் போகும்ல” என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டோம். சொல்வதற்கே மூச்சு போதவில்லை.

கணினிக்காரன்தான் வழி சொன்னான். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிப் போனால் கால்வாசி உழைப்பு மிச்சமாகுமாம். டூர் டி பிரான்ஸில் நட்சத்திர வீரர் மேல் காற்றுப் படாமல் கூட்டிப்போவதற்கென்றே சக வீரர்கள் உண்டாம். சொல்லி முடித்ததும் மூன்று பேர் பார்வையும் ஒரே இடத்துக்குப் போனது. இருபது வருடமாக அவர் உடம்பைக் கிண்டல் செய்தவர்கள், அன்றைக்கு அந்த முதுகுக்குப் பின்னால் இடம் பிடிக்கச் சண்டை போட்டோம். தமிழய்யா மூப்பின் அடிப்படையில் முதல் இடம் கேட்டார். கொஞ்ச தூரம் ஏதும் அறியாமல் மிதித்துக்கொண்டிருந்த வங்கிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“லோன் கேக்க வந்தப்பகூட எவனும் இப்படி ஒட்டிக்கிட்டு நின்னதில்லையேடா!”

விஷயம் தெரிந்ததும் அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். ஒரு டீயும் இரண்டு வடையும் ஜாமீன் கேட்டார். நியாயம்தான்.

டீக்கடையில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது, அதே எதிர்காற்றில் ஒரு சைக்கிள் வந்தது. பின்னால் கேரியரில் ஆள் உயரத்துக்குப் புல்லுக்கட்டு. ஓட்டி வந்த அக்காவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். மூச்சு வாங்கவில்லை. வண்டியைப் புளியமரத்தில் சாய்த்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

“என்ன தம்பி, பஸ் வரலையா?”

“இல்லக்கா, சும்மா சுத்திப் பாக்க வந்தோம்.”

“சும்மாவா?” அவர் டீ மாஸ்டரைப் பார்த்தார். டீ மாஸ்டரும் எங்களுக்காகக் கவலைப்பட்டார். “வீட்ல ஒண்ணும் பிரச்சினை இல்லையே?”

கணினிக்காரனின் சைக்கிளை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தார். விசாரணை தொடங்கியது.

“கேரியர் எங்க?”

“இதுக்குக் கேரியர் கெடையாதுக்கா.”

“மட்கார்டு?”

“இல்லக்கா.”

“ஸ்டாண்டுமா இல்ல?” அவர் முகம் இளகிவிட்டது. “பரவால்ல தம்பி. ஒரேயடியா எல்லாத்தையும் வாங்க முடியுமா? கையில காசு சேரச்சேர ஒவ்வொண்ணா வாங்கிப் போட்டுக்க.”

அவன் விலையைச் சொல்ல வாயெடுத்தான். வங்கிக்காரர் அவன் காலை மிதித்தார்.

அந்த அக்கா அறிவொளியில் ஓட்டக் கற்றுக்கொண்டவராம். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். விவசாயக் கூலிகள், கல்குவாரியில் வேலை செய்தவர்கள், அங்கன்வாடிக்காரர்கள் என்று ஊர் ஊராகப் பெண்கள் மிதிக்க ஆரம்பித்தார்கள். எழுபதாயிரம் பேருக்கு மேல் பொதுவில் ஓட்டிக் காட்டியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அவர்களில் யாருக்கும் செயலி இல்லை, தலைக்கவசம் இல்லை, முட்டிக்கு உறை இல்லை. பார்த்துச் சிரிக்க ஊர் மட்டும் இருந்தது.

“ஏன்க்கா ஜென்ட்ஸ் சைக்கிள் ஓட்டுறீங்க?” என்றேன்.

“லேடீஸ் சைக்கிள்ல புள்ளைய எங்க உக்கார வெக்கிறது? பார் வேணும்ல. அதுல உக்காந்து வந்த பய இப்போ துபாயில இருக்கான்.”

அவர் கிளம்பியதும் எங்களுக்கு ஒரே நேரத்தில் ஒரே எண்ணம் தோன்றியது. வங்கிக்காரரின் முதுகைவிடப் புல்லுக்கட்டு அகலம். டீ கிளாஸை வைத்துவிட்டு ஓடிப்போய் ஏறி, விரட்டிப் பிடித்து, கட்டுக்குப் பின்னால் நாலு பேரும் ஒதுங்கினோம். வங்கிக்காரரும்தான், அவருக்கும் ஒரு மறைப்புக் கிடைத்தது அன்றைக்கு அப்போதுதான். புல் வாசனையோடு, காற்றே இல்லாமல், அப்படி ஒரு சுகம். ஒரு கிலோமீட்டர் போயிருக்காது.

“என்ன தம்பி, பின்னாடியே வர்றீக?”

கேள்வியில் இருந்த சந்தேகம் சரியானது. டூர் டி பிரான்ஸைப் பற்றி விளக்க அது இடமில்லை. செருப்பு வார் கழன்றுவிட்டதாகச் சொல்லி நின்றுவிட்டோம். நாலு பேருக்கும் ஒரே சமயத்தில் கழன்றது.

சித்தன்னவாசலில் தமிழய்யா உயிர் பெற்றார். அறிவர் கோயில் விதானத்துத் தாமரைக் குளம் ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது என்று தொடங்கி, மீன், அன்னம், யானை என்று ஒவ்வொன்றாகத் தேடிக் காட்டினார். எங்களை உண்மையில் நெகிழ வைத்தது குன்றின் மேலிருக்கும் ஏழடிப்பட்டம். சமணத் துறவிகள் படுத்துத் தவம் செய்த கல் படுக்கைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. தலையணைகூடக் கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். உடம்பை வருத்துவதற்கென்றே செய்யப்பட்டவை. ஹெர்குலிஸ் சீட்டிலிருந்து இறங்கியவனுக்கு அதில் ஒரு வருத்தமும் தெரியவில்லை. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று பலகை வைத்திருக்கிறார்களே என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். வங்கிக்காரர் மட்டும் அதை ஓட்டல் கட்டிலைப் பார்க்கும் கண்ணோடு பார்த்தார்.

அன்னவாசல் தாண்டியதும் கணினிக்காரனின் பின்சக்கரம் உட்கார்ந்தது. சீமைக்கருவேல முள். நல்ல வேளையாகப் பக்கத்திலேயே வேப்பமரத்தடியில் பஞ்சர் கடை. கடைக்காரப் பெரியவர் டியூபை வெளியே எடுத்து, அலுமினியச் சட்டித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் குமிழி சரம் சரமாகக் கிளம்பியது. அங்கே ஒரு தீக்குச்சியைச் சொருகி அடையாளம் வைத்து, துடைத்து, அரத்தால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, காய்வதற்காக ஊதினார். எல்லாம் முடிந்து பம்பை எடுத்தபோது கணினிக்காரன் குறுக்கிட்டான்.

“ஐயா, இது வெளிநாட்டு வால்வு. உங்க பம்பு சேராது. இதுக்குத் தனி அடாப்டர் இருக்கு. வீட்ல வெச்சுட்டு வந்துட்டேன்.”

பெரியவர் பதில் சொல்லவில்லை. ஊசிபோல் இருந்த வால்வின் நுனியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அதில் ஒரு பொடித் திருகு இருந்தது. நகத்தால் அதைத் தளர்த்தி, பம்பின் கிளிப்பை மாட்டி நாலு அடி அடித்தார். டயர் கல்லானது. “முப்பது ரூபா” என்றார். வாங்கிய பணத்தை இடுப்பில் சொருகிக்கொண்டே, “ஒட்டு தாங்கும். வால்வு அடிதான் லேசா கிழிஞ்சிருக்கு, பாத்துப் போங்க” என்றார். கணினிக்காரன் சிரித்தான்.

குடுமியான்மலையில் இசைக் கல்வெட்டு. பாறையில் கிரந்த எழுத்தில், ஏழு பண்களுக்கான சுரங்கள். தமிழய்யா இங்கே குறைந்தது ஒரு மணி நேரம் எடுத்திருப்பார். அதற்கு முன் கோயில் வாசலிலேயே ‘புஸ்’ என்று ஓர் ஒலி கேட்டது. வால்வு அடிதான். அங்கே ஒட்டுப் போட முடியாது. டியூபை மாற்ற வேண்டும். மாற்று டியூப் அடாப்டருக்குப் பக்கத்தில், வீட்டில்.

கீரைக்கட்டு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய குட்டி யானை ஒன்று கிடைத்தது. கணினிக்காரனையும் சைக்கிளையும் ஏற்றி அனுப்பினோம். “முட்டி ஒரு மாதிரியா இருக்கு” என்று வங்கிக்காரரும் ஏறிக்கொண்டார். வண்டி அவர் பக்கம் ஒருமுறை தலையசைத்துக் கிளம்பியது. நானும் தமிழய்யாவும் மிதித்தோம். காலையில் வாக்குக் கொடுத்த காற்று சொன்ன சொல் தவறவில்லை. இருபது கிலோமீட்டரும் முதுகில் கை வைத்துத் தள்ளியது. யார் முதுகும் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

ராத்திரி வாட்ஸ்அப்பில் கணினிக்காரன் ஒரு படம் போட்டிருந்தான். குட்டி யானையில் ஏறியபோது ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த போனில் வேகத்தைக் கணக்கெடுக்கும் செயலியை அவன் நிறுத்த மறந்திருக்கிறான். குடுமியான்மலை–புதுக்கோட்டைச் சாலையில் இதுவரை சைக்கிள் ஓட்டிய அத்தனை பேரையும் மிஞ்சிவிட்டதாகச் செயலி அவனுக்கு ஒரு கிரீடம் கொடுத்திருந்தது. அழித்துவிடலாம் என்றுதான் நினைத்தானாம். அதற்குள் எழுபது பேர் பாராட்டிவிட்டார்கள். அவர்களில் அவன் மனைவியும் உண்டு.

இப்போது திருச்சியிலிருந்து ஒரு சைக்கிள் குழு அந்தச் சாதனையை முறியடிக்க வருகிறது. நல்ல சைக்கிள், நல்ல உடற்கட்டு, நல்ல பிள்ளைகள். அன்றைக்குக் காற்று எப்படி இருந்தது என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். பின்காற்று பலமாக இருந்தது என்று கணினிக்காரன் பதில் போட்டிருக்கிறான். அது பொய்யில்லை. டீசலைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை.