தொலையவை இயல்

மாணாக்க, ஊராள்வோர் ஒரு கூரையின்கீழ்க் கூடாது தத்தம் இல்லிலிருந்தே திரைவழிக் கூடும் அவை தொலையவை எனப்படும். முழங்கால் இடிபடக் கூடுவது அருகவை. அருகவையை முன்னோர் வேண்டுமளவு ஆராய்ந்துவிட்டனர். ஈண்டுத் தொலையவையே கொள்க.

இதற்கு முதற்பொருள் இரண்டு. நிலம், இங்கிலாந்து. பொழுது, 2020 ஏப்ரல் 4 முதல் 2021 மே 6 வரை. பெருந்தொற்றின் பொருட்டு அந்நாட்டு ஊராட்சிகள் தொலைவிலிருந்து கூட இசைவு பெற்றிருந்தது அவ்வளவே. கருப்பொருளாவன பின்னே தெரியும் நூலடுக்கு, தேநீர்க் குவளை, அடுத்த அறை நாய். உரிப்பொருள், 'நான் பேசுவது கேட்கிறதா' என வினவலும் வினவல் சார்ந்தனவும்.

இனி, உறுப்பினர் வாயால் இருவகையர்: பூட்டுவாயர், திறவாயர்.

ஒலிப்பூட்டை நீக்காது பேசுவோர் பூட்டுவாயர். அவர் மறதிப்பூட்டர், அறிவுப்பூட்டர், ஏவற்பூட்டர் என மூவர். மறதிப்பூட்டர் வடிகாலைப் பற்றி நெடிது முழங்குவார், ஒன்றும் கேளாது. அறிவுப்பூட்டர் வேண்டுமென்றே பூட்டிவிட்டு இல்லாளோடு பேசுவார். இருவர்க்கும் வாய் ஒருபடியாகவே அசையும் ஆதலின் கண்ணை நோக்குக: திரையைப் பார்ப்பின் மறதி, அடுக்களையைப் பார்ப்பின் அறிவு. பிறரால் பூட்டப்பட்டார் ஏவற்பூட்டர். அவர் முகம் சிவந்திருக்கும்.

திறவாயர்க்கு உட்பிரிவு எழுதின் ஏடு கொள்ளாது.

முகத்தால் நால்வர்: முழுமுகர், நெற்றிமுகர், தலைக்கு மேலுள்ள விட்டத்தை மட்டும் காட்டும் விட்டமுகர், முகமிலியர். 'முகமிலி உறுப்பினர் ஆவாரோ?' எனின், ஆவார். கேட்டலும் கேட்கப்படலும் கட்டாயம், காணலும் காணப்படலும் இயன்றவழி என்றே அந்நாட்டு ஒழுங்குமுறை வகுத்தது. ஆகவே முகமிலி ஐயமின்றி உறுப்பினர். ஐயத்துக்கு உரியவர் முழுமுகத்தோடு வீற்றிருக்கும் மறதிப்பூட்டரே. இந்நுட்பம் பலர்க்கும் புலப்படுவதில்லை.

ஐந்தாவதாக ஒருவர் உளர்; காத்தறையர். அவைக்கு வெளியே, அவைக்கு உரியராய், கதவடைத்து நிறுத்தப்பட்டோர். எடுத்துக்காட்டு: 2020 டிசம்பர் 10, செஷயர் பகுதியில் ஹேண்ட்ஃபோர்த் ஊராட்சிக் குழு ஜூம் வழிக் கூடிற்று. அவை நடத்தத் துணைவந்த ஜாக்கி வீவருக்கு அங்கே ஆணையுரிமை இல்லை என்றார் தலைவர். வீவர் தலைவரையே காத்தறைக்கு அகற்றினார். அவைநெறியைப் படியுங்கள், படித்து உணருங்கள் என்று கூவிய உறுப்பினரும் பின்னர் அவ்வழியே சென்றார். 2021 பிப்ரவரியில் இக்காணொலியை நாடே கண்டது. தலைவரின்றியும் அவை நடக்கும் என்பது இதனால் பெற்றாம்.

இனி இடம். இடம் தன்மை, முன்னிலை, படர்க்கை என மூன்று என்பதை நீ அறிவாய். திரையிலுள்ளார் முன்னிலையரா, படர்க்கையரா? 1972-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் கூறும் அவை, உறுப்பினர் நேரில் வந்து ஓரிடத்துக் கூடும் அவையே என 2021 ஏப்ரல் 28 அன்று இலண்டன் உயர்மன்றம் தீர்த்தது. எனவே திரை இடமன்று. திரையிலுள்ள தலைவரை 'நீர்' என விளித்தல் இடவழு. மே 6 வரை விளித்தது வழுவமைதி. மே 7 முதல் வழு. வேல்சும் ஸ்காட்லாந்தும் தத்தம் சட்டத்தால் தொலையவையை ஏற்றன ஆதலின், எல்லைக்கு அப்பால் ஓரடி வைத்தால் அதே விளி வழாநிலையாம். எல்லைக்கல்லின்மேல் அமர்ந்து கூடுவோரை உரையாசிரியர் எவரும் ஆராய்ந்திலர்.

எஞ்சியவர் காத்தறையர். அவர் எவ்விடத்தர் என்பது அடுத்த இயலுள் கூறப்படும். அதுகாறும் அவர் அங்கேயே இருக்க.